மேயரிடம் கேள்வி கேட்பது எப்படி?

சென்னையில் மேயரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. 200 வார்டு கவுன்சிலர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். அதனால் முதல் வழி உங்கள் கவுன்சிலர்தான். பிரச்சினையை எழுதிக் கொடுத்து, மாமன்றக் கூட்டத்தில் மேயரிடம் எழுப்பச் சொல்லுங்கள்.

தெருவிளக்கு, குப்பை போன்றவற்றுக்கு மாநகராட்சியின் 1913 புகார் தொலைபேசி எண் போதும். புகார் எண்ணைக் குறித்துவையுங்கள். எண் இல்லாத புகார் பேச்சோடு போய்விடும். மேயரே மனு வாங்கும் ‘மக்களைத் தேடி மேயர்’ முகாமுக்குப் போனால் மனுவின் நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் திரும்பாதீர்கள்.

வலுவான கருவி தகவல் உரிமைச் சட்டம், 2005. வெள்ளைத்தாளில் எழுதி, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, மாநகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு விரைவுத் தபாலில் அனுப்புங்கள். “எங்கள் தெருவில் ஏன் வடிகால் சரியில்லை?” என்று கேட்டால் பயனில்லை, ஆவணத்தைக் கேளுங்கள். பணி ஆணையின் நகல், மதிப்பீட்டுத் தொகை, ஒப்பந்ததாரர் பெயர், பணி முடிக்கவேண்டிய தேதி, அளவீட்டுப் புத்தகப் பக்கங்கள். இவை கைக்கு வந்தால் யாரும் மழுப்ப முடியாது. நடக்கும் வேலையை நேரில் பார்வையிடவும், சிமென்ட் கலவையின் சான்றிட்ட மாதிரி கேட்கவும்கூட இச்சட்டம் இடம் தருகிறது. பலருக்கு இது தெரியாததுதான் வருத்தம். 30 நாளில் பதில் வராவிட்டால், அடுத்த 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யுங்கள்.

நிர்வாக அதிகாரம் மாநகராட்சி ஆணையரிடம் இருப்பதால், மேயருக்கு எழுதும் ஒவ்வொரு மனுவின் நகலை ஆணையருக்கும் அனுப்புங்கள். தெருக்காரர்கள் பத்துப் பேராவது சேர்ந்து கையெழுத்திடுங்கள்.