கதைக்கு ஐந்து ஸந்திகள்

நாடகத்துக்குச் சரீரமாவது இதிவ்ருத்தம், அதாவது கதைப்போக்கு என்பது பரதமுனிவரின் நாட்யசாஸ்திரம். அச்சரீரத்தில் முகம், ப்ரதிமுகம், கர்ப்பம், விமர்சம், நிர்வஹணம் என ஐந்து ஸந்திகள் உண்டு. ஸந்தி என்பது மூட்டு. மூட்டுப் பொருந்தாத உடல் நடவாது. ஸந்தி பொருந்தாத கதையும் அத்தன்மையதே.

சிலப்பதிகார உரையாசிரியர் அடியார்க்கு நல்லார் இவ்வைந்தையும் உழவில் வைத்து விளக்குகிறார். 1892இல் உ.வே. சாமிநாதையர் பதிப்பித்த உரை அது. உழுத புழுதியில் இட்ட வித்து முளைப்பது முகம். முளை இலைவிட்டு நாற்றாவது பிரதிமுகம். நாற்று வளர்ந்து கருக்கொண்டு நிற்பது கருப்பம். கதிர் முற்றிச் சாய்வது விளைவு. அறுத்துப் போரடித்துக் கொண்டுபோய் உண்டு மகிழ்வது துய்த்தல். நான்காவதில் மட்டும் வடநூலார் கருத்துச் சற்று வேறு: பலன் நெருங்கியபோது இடையூறு நேர்ந்து ஐயம் எழும் இடமே விமர்சம்.

ஸ்ரீபெரும்பூதூரில் 1017ஆம் ஆண்டு திருவவதரித்த உடையவரின் சரிதையில், யாவரும் அறிந்த திருக்கோஷ்டியூர் வரலாற்றை இவ்வளவைகொண்டு நோக்கலாம். திருமந்த்ரார்த்தம் கேட்கவேணும் என்ற ஆசை வித்து. திருவரங்கத்திலிருந்து மீண்டும் மீண்டும் நடந்து, ஒவ்வொரு முறையும் வெறுங்கையராய்த் திரும்பியது நாற்றின் வளர்ச்சி. பதினெட்டாம் முறை நம்பி அருளிச்செய்ததும், பிறர்க்கு உரையாதே என்று நியமித்ததும் கர்ப்பம். பொருள் உள்ளே பொதிந்து நிற்கிறது. அந்நியமனத்தைக் கடந்து, கோபுரமேறி எல்லார்க்கும் வெளியிட்டது விமர்சம். ஆசார்யன் சினந்தார், நரகம் என்றார். பெற்ற பேறு நிலைக்குமோ என்ற ஐயம் இங்கே. 'ஒருவன் நரகம் புகப் பலர் உய்வரேல் நன்றே' என்ற கருத்தில் அவர் விடையிறுக்க, நம்பி உகந்து தழுவி 'எம்பெருமானார்' என்றழைத்தது நிர்வஹணம்.

இங்கு ஊன்றி உணரத்தக்கது ஒன்றுண்டு. பதினெட்டாம் முறையிலேயே கதை முடிந்திருப்பின், ஒருவர் வேண்டியதைப் பெற்றார் என்பதோடு நின்றிருக்கும். பொதிந்த கருப்பம் கதிராகி வெளிப்பட்டிராது. விளைந்த நெல் களஞ்சியத்திலேயே கிடந்தாலும் பசி தீராது. உழவன் ஒருவன் விதைத்ததைப் பலரும் உண்பதே துய்த்தல்.

வயல்கள் இருந்த ஒரகடம் வரை ஆலைகள் எழுந்துவிட்ட இந்நாளில் நாற்றையும் போரையும் கண்டிராத பிள்ளைகளும் உளர். உத்ஸவத்தில் உபந்யாஸமோ நாடகமோ கேட்டு இல்லம் திரும்புவோர் அப்பிள்ளைகளுக்குக் கதையைச் சொல்லும்போது, நடுவிலுள்ள இடையூற்றை விட்டு முடிவை மட்டும் சொல்லலாகாது. ஐயம் இன்றேல் முடிவுக்குச் சுவை இல்லை.