மகளைத் துருக்கிக்கு அனுப்பிய ஒரு வாப்பாவின் குறிப்புகள்

எங்கள் ஊரான குறிஞ்சிப்பிட்டியில் வெளிநாடு போவதென்றால் உழைக்கப் போவது. கடலும் தோட்டமும் கைகொடுக்காத வருடங்களில் ஆண்கள் கட்டாருக்கும் சவூதிக்கும் போனோம். பெண்கள் வீட்டு வேலைக்குக் குவைத் போனார்கள். படிக்கவென்று ஒரு பிள்ளை, அதுவும் பெண்பிள்ளை, விமானம் ஏறியது எங்கள் குடும்பத்தில் அதுவே முதல் தடவை. 2022 இல் என் மகள் துருக்கி அரசின் புலமைப்பரிசிலில் கொன்யா நகருக்குப் போனாள். "குமர்ப் பிள்ளையத் தனிய அனுப்புறீங்களா?" என்று கேட்காதவர் குறைவு. எனக்கும் பயம் இருந்தது. ஆனால் தொண்ணூறுகளில் தோஹாவில் சாரதியாக இருந்தவன் நான். தூரத்தில் இருப்பவருக்கு வீட்டின் கவலை எப்படிப் போய்ச் சேரும் என்று எனக்குத் தெரியும். பிள்ளையை அனுப்பும் பெற்றோருக்கு நான் சொல்லும் யோசனைகள் அந்த அனுபவத்திலிருந்து வந்தவை.

முதலில் காகிதங்கள்

பயம் தலையைச் சுற்றும் நாட்களில் கைக்கு வேலை கொடுப்பது நல்லது. அந்தப் பல்கலைக்கழகத்தை நமது பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்கிறதா என்று பாருங்கள். மருத்துவம் என்றால் இலங்கை மருத்துவச் சபையிடமும் விசாரியுங்கள். வெளிநாட்டில் மருத்துவம் படித்து வருபவர்கள் இங்கே ஈஆர்பிஎம் எனப்படும் தகுதிப் பரீட்சை எழுதித்தான் பதிவு பெற வேண்டும். சான்றிதழ்களை வெளிநாட்டமைச்சின் கொன்சியூலர் பிரிவில் உறுதிப்படுத்த வேண்டும். அதற்குக் குருநாகலிலும் இப்போது பிராந்திய அலுவலகம் இருக்கிறது. புத்தளத்துக்காரருக்குக் கொழும்பு அலைச்சல் மிச்சம். எல்லாவற்றிலும் ஒரு பிரதி வீட்டில், ஒரு பிரதி பிள்ளையின் கைப்பேசியில் இருக்கட்டும்.

காசு

மகளின் புலமைப்பரிசில் கல்விக் கட்டணம், விடுதி, மருத்துவக் காப்புறுதி, போய்வர விமானச் சீட்டு, மாதக் கொடுப்பனவு எல்லாவற்றையும் தருகிறது. முதல் வருடம் துருக்கி மொழி கற்பதும் அதில் அடங்கும். ஆனாலும் போய் இறங்கிய உடனே கொடுப்பனவு கைக்கு வரும் என்று நம்பியிருக்க வேண்டாம். வங்கிக் கணக்கு, வதிவிட அனுமதி எல்லாம் முடிய நாளெடுக்கும். முதல் இரண்டு மூன்று மாதச் செலவைக் கையில் கொடுத்து அனுப்புங்கள். மகள் புறப்பட்ட 2022 இல் எங்களுக்கு அது சுலபமாக இருக்கவில்லை. ஆண்டுத் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் இருந்த டொலர், மே மாதமாகும்போது 360 ரூபாயளவுக்குப் போயிருந்தது.

இன்னொன்று. வெளிநாட்டில் ஆள் இருக்கிறது என்றால் வீட்டுக்குக் காசு வரும் என்பது எங்கள் ஊர்க் கணக்கு. படிக்கும் பிள்ளை அந்தக் கணக்கில் இல்லை என்பதைச் சொந்தபந்தத்துக்கு முதலிலேயே சொல்லிவிடுங்கள். பிள்ளை தன் கொடுப்பனவில் மிச்சம் பிடித்து அனுப்பப் பார்த்தாலும் வாங்காதீர்கள்.

பெட்டியில் என்ன?

மிளகாய்த்தூள், கறித்தூள், கம்பளி உடுப்பு. கருவாடு வேண்டாம். கற்பிட்டிக் கருவாட்டை விடுதி அறையில் பொரித்தால் முதல் நாளே கூட்டாளிமார் ஓடிவிடுவார்கள்.

அழைப்பு

தோஹாவில் எனக்குக் கடிதமும், குரல் பதிந்த கசெட்டும் வரும். "உம்மாவுக்குச் சுகமில்லை" என்று கடிதம் சொல்லும்போது உம்மா குணமாகி நடமாடிக்கொண்டிருப்பார். நான் அன்றுதான் சோறு இறங்காமல் இருப்பேன். இப்போது வாட்ஸப் வீட்டுக் கவலையை நொடியில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. அதனால் வீட்டில் ஒரு ஒழுங்கு வைத்தோம். துருக்கி நேரம் நமக்கு இரண்டரை மணித்தியாலம் பின்னால். எங்கள் இஷா தொழுகைக்குப் பிறகு அவளுக்கு மாலை. அதுதான் பேசும் நேரம். பெரிய செய்தியை மறைப்பதில்லை. சின்னச் சின்ன வருத்தங்களைப் பரீட்சைக்கு முதல் நாள் கொட்டுவதுமில்லை. உம்மாவும் மகளும் தனியாகப் பேச ஒரு நாளை விட்டுவிடுங்கள். வாப்பாமாருக்குச் சொல்லாதது நிறைய இருக்கும்.

அவசரம் வந்தால்

மூன்று இலக்கங்களை எழுதிச் சுவரில் ஒட்டினோம்: அறைத்தோழியுடையது, விடுதி அலுவலகத்தினது, அங்காராவிலுள்ள இலங்கைத் தூதரகத்தினது. எது நடந்தாலும் முதலில் குடும்பக் குழுவில் ஒரு வரி போட வேண்டும் என்றும் பேசி வைத்தோம். 2023 பெப்ரவரி 6 அன்று அந்த ஒரு வரி வேலை செய்தது. தென்கிழக்குத் துருக்கியில் 7.8 அளவில் பூமி அதிர்ந்தது, நம் நேரப்படி காலை ஏழு மணிக்குச் சற்று முன். நாங்கள் தொலைக்காட்சியைப் போடுமுன்பே "வாப்பா, நான் சுகம்" என்று வந்துவிட்டது. கொன்யா, அதிர்வின் மையத்திலிருந்து சில நூறு கிலோமீட்டர் தள்ளி. ஆனாலும் துருக்கியில் மட்டும் ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் மௌத்தான அந்த அழிவின் பிறகு பல்கலைக்கழகங்கள் இணையவழிக்கு மாறின, அரச விடுதிகள் பல வீடிழந்தவர்களுக்குத் திறக்கப்பட்டன. மகளும் விடுதி மாறினாள். திடீர் இடமாற்றத்துக்கும் கொஞ்சக் காசு ஒதுக்கி வைக்க வேண்டும் என்று அப்போது தெரிந்தது.

"வீட்டுக்கு வரப்போறன்"

முதல் குளிர்காலத்தில் இது வரும். கடற்கரையில் வளர்ந்த பிள்ளைக்குக் கொன்யாவின் பனி ஒரு தண்டனை. "வந்துடு" என்று உடனே சொல்லாதீர்கள். "பொறுத்துக்கோ" என்றும் சொல்லாதீர்கள். என்ன சாப்பிட்டாள், தூங்கினாளா, யாருடன் வெளியே போனாள் என்று கேளுங்கள். தோஹாவில் எனக்கு அப்படி வந்த எண்ணங்களில் பாதி, பசியும் தூக்கமின்மையும்தான். பரீட்சை முடியும்வரை அந்தப் பேச்சைத் தள்ளிவைப்போம் என்று பிள்ளையுடன் பேசி ஒத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகும் அதையே சொன்னால், ஊர் என்ன நினைக்கும் என்பதை ஒதுக்கிவிட்டு, அவள் சொல்வதை முழுதாகக் கேட்டு முடிவெடுங்கள்.