மடிக்கணினியும் நம் பஸ் பயணமும்



தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. பாலிடெக்னிக் மாணவர்களுக்கும் அதில் பங்கு இருந்தது. 2025-26 பட்ஜெட்டிலும் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினி அல்லது டேப்லெட் என்று அறிவிப்பு வந்தது. அரசு தருவதை நாம் தேர்ந்தெடுக்க முடியாது; பத்திரமாக வைத்துக்கொள்ள முடியும். அப்பா சீட்டுப் பணம் எடுத்து வாங்கித் தருவதாக இருந்தால், தேர்ந்தெடுக்கவும் தெரிந்திருக்க வேண்டும்.

நம்மில் பலர் ராசிபுரம், திருச்செங்கோடு, சங்ககிரி, ஓமலூர் பக்கமிருந்து தினமும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வருகிறவர்கள். கடைக்காரர் புராசஸர் பெருமை பேசட்டும். "இது பஸ்ஸில் தாங்குமா?" என்பதுதான் நம் கேள்வி.

வாங்கும்போது

1. எடை: 15.6 அங்குல லேப்டாப் ஏறக்குறைய 1.7 கிலோ, 14 அங்குலம் 1.4 கிலோ. 300 கிராம் வித்தியாசம்தானே என்று தோன்றும். சார்ஜர், ரெக்கார்டு நோட்டு, டிபன் பாக்ஸ் சேர்த்துத் தூக்கிப் பாருங்கள், தோள் சொல்லும்.

2. எஸ்.எஸ்.டி: பழைய ஹார்டு டிஸ்க்கில் தகடு சுழலும், ஓடும்போது குலுங்கினால் ஹெட் உரசிவிடும். எஸ்.எஸ்.டி.யில் அசையும் பாகமே இல்லை. வீட்டில் அண்ணனின் பழைய லேப்டாப் கிடந்தால் 2.5 அங்குல எஸ்.எஸ்.டி. மாற்றி, லினக்ஸ் போடுங்கள். சி புரோகிராம், ரிப்போர்ட் டைப்பிங்குக்குப் போதும். ஆட்டோகேட் படிப்பவர்களுக்கு 8 ஜிபி ராம் ஆரம்பம். 16 ஜிபி இருந்தால் நிம்மதி.

3. பேட்டரி: விளம்பரத்தில் போடும் மணிக்கணக்கை நம்பாதீர்கள். நாம் டிப்ளமோக்காரர்கள், கணக்குப் போடலாமே! 50 வாட்-அவர் பேட்டரி, சராசரி செலவு 10 வாட் என்றால் 5 மணி நேரம். வெளிச்சத்தைக் கூட்டி வீடியோ பார்த்தால் இன்னும் குறையும்.

4. வாரண்டி: வீட்டுக்கே ஆள் வந்து பார்க்கும் ஆன்சைட் வாரண்டியா என்று கேளுங்கள். பில்லையும் சீரியல் நம்பரையும் போட்டோ எடுத்து வையுங்கள். தொலைந்தால் போலீசில் புகார் கொடுக்க அதுதான் ஆதாரம்.

பயணத்தில்

கூட்டத்தில் நின்றால், உட்கார்ந்திருக்கும் அக்காவிடமோ பெரியவரிடமோ பையைக் கொடுப்பது நம்ம ஊர் வழக்கம். நல்ல வழக்கம்தான். "லேப்டாப் இருக்குதுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லிக் கொடுங்கள். டிரைவர் பக்கத்து இன்ஜின் மூடி மேல் மட்டும் வைக்காதீர்கள். லேப்டாப் வேலை செய்ய 35 டிகிரி வரைதான் சூழல் வெப்பம் என்று பெரும்பாலான கையேடுகளில் இருக்கும். சேலத்தில் ஏப்ரல், மே மாத வெயிலே அதைத் தாண்டிவிடும். சூடுதான் லித்தியம் பேட்டரிக்கு எமன்.

மூடியை மட்டும் மூடிப் பையில் திணிக்காமல், ஷட்டவுன் செய்து வையுங்கள். ஸ்லீப்பில் இருப்பது பைக்குள்ளேயே விழித்துக்கொண்டு கொதிக்கும். சாம்பார் டப்பாவும் தண்ணீர் பாட்டிலும் தனிப்பையில் வரட்டும்.

இன்டர்வியூவுக்கு ஏற்காடு எக்ஸ்பிரஸில் சென்னை போகிறீர்களா? வீட்டிலேயே முழுதாகச் சார்ஜ் ஏற்றிவிடுங்கள். இரவு 11 மணி முதல் காலை 5 மணி வரை ரயில் பெட்டியின் பிளக் பாயிண்டுகளை நிறுத்தி வைப்பது ரயில்வேயின் நடைமுறை.

எல்லாவற்றிலும் முக்கியம்

மெஷின் போனால் கடன்பட்டாவது இன்னொன்று வாங்கலாம். ஆறாம் செமஸ்டர் பிராஜெக்ட் போனால் எந்தக் கடையில் வாங்குவது? நாலு பேர் டீம், ஒருவன் லேப்டாப்பில் மட்டும் ரிப்போர்ட் என்ற நிலை வேண்டவே வேண்டாம். ஒரு காப்பி லேப்டாப்பில், ஒன்று வீட்டில் வைக்கும் பென் டிரைவில், ஒன்று கூகுள் டிரைவில். பென் டிரைவையும் அதே பையில் போட்டால் அது காப்பியே இல்லை. இரண்டும் சேர்ந்தே தொலையும்.

வெள்ளம் வரும் முன் அணை போடுவோம். டிப்ளமோ கையில் வரும் நாள்வரை நம் லேப்டாப்பும் நம்மோடு பஸ் ஏறட்டும். வாழ்த்துகள்!