மேனிப் பூச்சு செய்யும் வகை

உடம்பிற் பூசும் லோஷன் இக்காலத்து மாணவர் பலருக்கு இன்றியமையாத பொருளாகிவிட்டது. கடையில் வாங்குவோர் பலர். வீட்டிலேயே செய்துகொள்ள விரும்புவோரும் உளர். செய்வது அரிதன்று. ஆயினும் காரணம் அறியாது செய்த பூச்சு நன்மைக்கு மாறாகத் தீமை பயத்தலும் உண்டு. ஆதலின் முதற்கண் அதன் இயல்பை ஆராய்ந்து, பின்னர்ச் செய்முறையைக் கூறுவாம்.

எண்ணெய் ஒரு பொருளைக் காக்கும் என்பதற்குக் காவிரியின் அக்கரையிலேயே சிறந்த சான்று உண்டு. திருவரங்கம் பெரிய கோயிலில் பள்ளிகொண்ட மூலவர் திருமேனி சுதையாலாயது. அதனால் அதற்கு நீராலாகிய திருமஞ்சனம் இல்லை. அஃது உற்சவ மூர்த்திக்கே உரியது. மூலவருக்கு ஆனித் திங்கள் ஜேஷ்டாபிஷேகத்தை ஒட்டித் தைலக்காப்புச் சாத்தப்படுகிறது. சுதை நீர் பட்டுப் பட்டுச் சிதைவது. எண்ணெய் நீரை விலக்குவது. 'காப்பு' என்னும் பெயரின் பொருத்தம் நோக்கத்தக்கது.

நம் தோலுக்கு வேண்டுவதும் காப்பே. ஆனால் இங்கே அதன் தொழில் வெளிநீரைத் தடுப்பதன்று. உள்ளிருக்கும் ஈரம் வெளியேறாமல் நிறுத்துவதாம். தோலின் மேலடுக்கில் இயற்கையாகவே கொழுப்புப் பொருள் அமைந்துள்ளது. சவர்க்காரம் அழுக்கோடு அதனையும் ஓரளவு கழுவிச் செல்கிறது. பின்னர் உலர்ந்த காற்று ஈரத்தைக் கவர, தோல் வெடித்துத் தினவு கொள்கிறது. எண்ணெய் தோலுக்கு உணவாகும் என்பர் பலர். ஈரம் ஆவியாகாதபடி மூடியாக நிற்பதே அதன் தலையாய தொழில்.

லோஷன் என்பது எண்ணெயும் நீரும் கலந்த குழம்பு. இவ்விரண்டும் தாமே கூடா. நடுநின்று இணைக்கும் மூன்றாவது பொருள் வேண்டும். இதனை ஆய்வுக்கூடத்தில் எளிதிற் காணலாம். தெளிந்த சுண்ணாம்பு நீரும் செக்கு நல்லெண்ணெயும் சம அளவாகச் சோதனைக்குழாயிற் பெய்து குலுக்கினால், கலவை வெளிறிக் குழம்பும். எண்ணெயிலுள்ள கொழுப்பு அமிலம் சுண்ணாம்போடு கூடிச் சவர்க்காரமாகி இரண்டையும் பிணைக்கிறது. ஸ்காத்லாந்தின் காரன் இரும்பாலையில் ஆளிவிதை எண்ணெயையும் சுண்ணாம்பு நீரையும் இவ்வாறே கலந்து தீப்புண்ணுக்குப் பூசினர். 'காரன் எண்ணெய்' என்ற பெயர் அதனால் வந்தது. இந்நாளிலோ தீப்பட்ட இடத்தில் எதையும் பூசாது, குளிர்ந்த ஓடுநீரில் 20 நிமிடம் காட்டுதலே முறை.

இனி, மறவாது கொள்ளவேண்டியது ஒன்று உண்டு. நீர் கலந்த பூச்சில் நுண்ணுயிர்கள் வளரும். பன்னீரும் சோற்றுக்கற்றாழைச் சாறும் சேர்த்து வீட்டிற் செய்த லோஷன், நிறமும் மணமும் மாறுமுன்பே கெட்டிருத்தல் கூடும். ஆலைகளில் கெடாதிருத்தற்குரிய மருந்தை அளந்து சேர்த்துச் சோதிப்பர். வீட்டில் அவ்வசதி இல்லை. இயற்கைப் பொருளாதலின் தீங்கு செய்யாது என்பது மயக்கம். கீறல் பட்ட தோலிலும் குழந்தையின் மேனியிலும் கெட்ட பூச்சைத் தடவுவது நோயை வலிய அழைப்பதாம்.

ஆதலின் சிமிழில் நீரை விலக்குவோம். தூய தேன்மெழுகு 10 கிராம், நல்லெண்ணெய் 50 கிராம் நிறுத்துக்கொள்க. இரண்டையும் உலர்ந்த கிண்ணத்திலிட்டு, அதனைக் கொதிநீர்ப் பாத்திரத்துள் வைத்து உருக்குக. நேரே அடுப்பில் வைத்தல் ஆகாது. மெழுகு ஏறத்தாழ 63 பாகை வெப்பத்தில் உருகும். உருகியதும் இறக்கிக் கிளறி, ஈரமற்ற சிறு சிமிழில் ஊற்றி ஆறவிடுக. தேங்காயெண்ணெயும் கொள்ளலாம். அது 24 பாகையளவிலேயே இளகுவதால், திருச்சிராப்பள்ளியில் ஆண்டின் பெரும்பகுதி நீர்போல் ஓடும். மெழுகு கூடினால் சித்திரை வெயிலிலும் களிம்பாக நிற்கும். எலுமிச்சைச் சாறு சேர்க்கற்க. அது பட்ட தோல் வெயிலில் புண்ணாகலாம்.

அங்ஙனமாயின் தோலுக்கு வேண்டிய நீர் எங்கே எனின், குளித்த மேனியிலேயே உள்ளது. துவட்டியபின் சற்றே ஈரமிருக்கும்போது சிறிதளவு பூசினால், அவ்வீரத்தைக் களிம்பு காத்து நிற்கும். முதன்முறை முன்கையில் மட்டும் தடவி ஒரு நாள் பொறுத்துப் பார்க்க. ஈரவிரலைச் சிமிழில் இடாது உலர்ந்த கரண்டியால் எடுக்க. காறல் வாடை எழுந்தால் எறிந்துவிடுக. விற்பனைக்குச் செய்ய எண்ணுவோர் அரசாங்க உரிமம் பெறல் வேண்டும்.

கடைச்சரக்கினும் இது மணத்திற் குறையலாம். ஆயினும் இதில் உள்ளவை யாவை, இது விரைவில் கெடாமைக்குக் காரணம் யாது என்பவற்றைச் செய்தவர் ஐயமின்றி அறிவர்.