அயல்நாட்டுப் பேருந்தும் நம் கைச் சில்லறையும்



பள்ளி விடுமுறையில் நம் சுங்கை ஊடாங்கிலிருந்து சிங்கப்பூருக்குச் சென்று வருவோர் பலர். அங்கே நம்மை முதலில் இடறச் செய்வது ‘வெள்ளி’ என்னும் சொல்லே. ரிங்கிட்டையும் வெள்ளி என்கிறோம். சிங்கப்பூர் டாலரையும் வெள்ளி என்கிறோம். இதில் வியப்பொன்றுமில்லை. ஒரு காலத்தில் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் ஒரே வெள்ளிதான் வழங்கிற்று. 1967இல் தனித்தனி நோட்டுகள் வெளிவந்த பின்னரும் 1973 வரை அவை சம மதிப்பிலேயே மாற்றப்பட்டன. இன்றோ அவர்களின் ஒரு வெள்ளிக்கு நாம் மூன்று ரிங்கிட்டுக்கு மேல் கொடுக்க வேண்டியுள்ளது. “இரண்டு வெள்ளிதானே!” என்று எண்ணிக் கொடுத்தால், நம் கணக்கில் ஆறு ரிங்கிட்டுக்கு மேல் போய்விடும்.

சிங்கப்பூர்ப் பேருந்துகளில் சீட்டு விற்கும் நடத்துநர் இலர். ஓட்டுநரின் அருகிலுள்ள பெட்டியில் சரியான கட்டணத்தைப் போடவேண்டும், மீதி தரப்படமாட்டாது. நம் குழுவினர் ஒருவர் ஐந்து வெள்ளி நோட்டைப் பெட்டியில் போட்டுவிட்டு, மீதிக்காகக் கையை நீட்டியவாறே நின்றார்! ஆதலின், புறப்படுமுன் சில்லறை மாற்றிக்கொள்க. அட்டையால் செலுத்துவோர் ஏறும்போதும் இறங்கும்போதும் அதைக் கருவியில் தொடவேண்டும். இறங்கும்போது மறந்தால், அத்தடத்தின் இறுதி நிறுத்தம் வரைக்குமான கட்டணம் பிடிக்கப்படும். எல்லை கடக்கும் பேருந்தில் காசு கொடுத்து ஏறியவர்கள் சீட்டைத் தொலைக்கலாகாது. குடிநுழைவுச் சோதனை முடிந்து மீண்டும் ஏறும்போது அதைக் காட்ட வேண்டிவரும்.

தமிழ்நாட்டிலோ நடத்துநர் உண்டு, பேச்சும் உண்டு. சில்லறை இல்லையெனில் மீதித் தொகையைச் சீட்டின் பின்புறம் எழுதித் தருவார். இறங்குமுன் நாமே கேட்டு வாங்கவேண்டும். வேடிக்கை பார்த்துக்கொண்டே இறங்கிவிட்டால் மீதி போனதுதான்.

பயணம் முடிந்து எஞ்சும் ரூபாயை என்செய்வது? அடுத்த பயணத்துக்கு உதவுமென்று பெட்டியில் பூட்டி வைப்பது நம் தோட்டத்து மக்களின் வழக்கம். நாம் அறிந்த பாட்டியார் ஒருவரும் அவ்வாறே ஐந்நூறு ரூபாய் நோட்டுகள் சிலவற்றைச் சேலை மடிப்பில் வைத்திருந்தார். 2016 நவம்பர் 8ஆம் நாள் இரவு, ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் நோட்டுகள் செல்லாவென இந்திய அரசு அறிவித்தது. அவற்றை அந்நாட்டு வங்கிகளில் செலுத்த அவ்வாண்டு டிசம்பர் 30 வரையே தவணை. பால்மரக் காட்டில் உழைத்துச் சேர்த்த பணத்தால் வாங்கிய நோட்டுகள்! அவற்றுக்காக விமானம் ஏற இயலுமா? பணம் மாற்றும் கடைக்காரரும் கையை விரித்துவிட்டார்.

அந்நோட்டுகளைப் பாட்டியார் பின்னர் நம் வகுப்புக் கண்காட்சிக்குக் கொடுத்துவிட்டார்.