எப்படி வந்தது? - மகஜரில் எழுதப்படும் 64 எழுத்துகள்

கேள்வி: எங்கள் குடியிருப்பில் நடந்த திருட்டுக்காக சிசிடிவி பெட்டியைப் போலீஸார் கைப்பற்றினார்கள். மகஜரில் ‘ஷா-256’ என்று போட்டு, எழுத்தும் எண்ணும் கலந்த நீண்ட வரிசை ஒன்றைக் குறித்தார்கள். அது என்ன?
- வாசகர், வடக்கு உத்திர வீதி, ஸ்ரீரங்கம்

பதில்: அதற்கு ஹாஷ் மதிப்பு என்று பெயர். ஹார்ட் டிஸ்க்கில் முதல் பிட்டிலிருந்து கடைசி பிட் வரை உள்ள அனைத்தையும் ஒரு கணக்கு முறைக்குள் செலுத்தினால், முடிவில் 256 பிட் நீளத்தில் ஒரே ஓர் எண் கிடைக்கும். 0 முதல் 9 வரையும் ஏ முதல் எஃப் வரையும் உள்ள 16 குறிகளால் அதை எழுதினால் 64 இடங்கள் வரும். டிஸ்க் ஒரு டெராபைட்டாக இருந்தாலும், ஒரு வரிக் கடிதமாக இருந்தாலும் நீளம் அதேதான். உள்ளே ஒரே ஒரு பூஜ்யம் ஒன்றாக மாறினால் போதும், விடையில் ஏறக்குறைய பாதி பிட்டுகள் மாறி, சாயலே இல்லாத வேறோர் எண் வந்து நிற்கும்.

2019 அக்டோபர் 2 அதிகாலை, திருச்சி சத்திரம் பேருந்து நிலையம் அருகே ஒரு நகைக்கடையின் சுவரில் துளையிட்டு, முகமூடி அணிந்தவர்கள் நுழைந்த காட்சியைத் தமிழகமே பார்த்தது. அப்படிப்பட்ட பதிவு எதுவும் நீதிமன்றம் ஏறும்போது எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்கும் முதல் கேள்வி, “இது அன்று கைப்பற்றியதேதானா?” என்பது. அதற்கான விடைதான் அந்த 64 எழுத்துகள்.

தடய ஆய்வாளர் மூல டிஸ்க்கில் நேரடியாக வேலை செய்ய மாட்டார். படிக்க மட்டும் அனுமதித்து, எழுதுவதைத் தடுக்கும் ‘ரைட் பிளாக்கர்’ என்ற கருவி வழியாக அதை இணைப்பார். அந்தக் கருவி இல்லாமல் சாதாரணக் கணினியில் செருகினால், நாம் ஒரு கோப்பையும் திறக்காதபோதும் கணினி தானாகவே டிஸ்க்கில் சில குறிப்புகளை எழுதிவிடும். பிறகு பிட்டுக்குப் பிட் நகல் எடுப்பார். துறையில் அதை ‘இமேஜ்’ என்பார்கள். மூலத்தின் ஹாஷும் இமேஜின் ஹாஷும் ஒத்துப்போன பிறகே ஆய்வு தொடங்கும். பல மாதம் கழித்து நீதிமன்றத்தில் சந்தேகம் வந்தால், யார் வேண்டுமானாலும் மறுபடி கணக்கிட்டுப் பார்க்கலாம்.

கேள்வி: இதைக் கண்டுபிடித்தவர் யார்?
- வாசகர், தில்லைநகர்

பதில்: தொடங்கியபோது இதற்கும் குற்றப் புலனாய்வுக்கும் சம்பந்தமே இல்லை. 1953இல் ஐபிஎம் நிறுவனத்தில் பணியாற்றிய ஹான்ஸ் பீட்டர் லூன், பெரிய பட்டியலில் ஒரு பதிவை விரைவாகத் தேடி எடுக்கும் வழியாக இந்த யோசனையை ஓர் உள்குறிப்பில் எழுதினார். கடன் அட்டை எண்ணின் கடைசி இலக்கத்தைக் கொண்டு தட்டச்சுப் பிழையைக் கண்டுபிடிக்கிறோமே, அந்தக் கணக்கும் அவருடையதுதான்.

தவறுதலாக வரும் பிழையைப் பிடிக்க அது போதும். வேண்டுமென்றே திருத்துகிறவரைப் பிடிக்க அதைவிட வலுவான, விடையிலிருந்து மூலத்துக்குத் திரும்பிப் போக முடியாத கணக்கு தேவைப்பட்டது. எம்.ஐ.டி. பேராசிரியர் ரொனால்ட் ரிவெஸ்ட் 1991இல் ‘எம்டி5’ முறையை வடிவமைத்தார். அதன் விடை 32 எழுத்து. அமெரிக்கத் தர நிறுவனம் 1995இல் 40 எழுத்து கொண்ட ‘ஷா-1’ஐயும், 2002இல் ‘ஷா-256’ உள்ளிட்ட குடும்பத்தையும் தரமாக அறிவித்தது. டிஸ்க்கை அப்படியே நகலெடுக்க யூனிக்ஸில் ‘டிடி’ என்ற கட்டளை 1970களிலிருந்தே இருந்தது. 2002இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் கணினித் தடய ஆய்வகத்தில் நிக்கோலஸ் ஹார்பர் அதை விரிவுபடுத்தி, நகல் ஓடும்போதே ஹாஷும் கணக்கிடும்படி செய்தார்.

கேள்வி: கணினிக்கு முன்பு நம் பகுதியில் இப்படி ஏதாவது ஏற்பாடு இருந்ததா?
- வாசகர், லால்குடி

பதில்: உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே இருந்தது. ஸ்ரீரங்கத்தைத் தொட்டு ஓடும் அதே கொள்ளிடத்தின் வடகரையில் திருமழபாடி இருக்கிறது. அங்குள்ள வைத்தியநாதர் கோயில் விமானத்தைப் பிரித்துப் புதிதாகக் கட்ட முதலாம் ராஜராஜன் தன் 28ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1013 வாக்கில், ஆணையிட்டான். சுவரில் கல்வெட்டுகள் இருந்தன. கோயில் நிலமும் விளக்குக் கொடையும் யாருடையவை என்பதற்கு அவைதான் சான்று. பிரிப்பதற்கு முன்பு அவற்றை ஏட்டில் படியெடுத்துக்கொண்டார்கள். ராஜேந்திரனின் 14ஆம் ஆண்டில், 1026 வாக்கில், புதிய சுவரில் மறுபடி வெட்டினார்கள். இந்தச் செய்தியையும் கல்வெட்டே சொல்கிறது.

மூலம் அழியும் முன் நகல் எடுக்க வேண்டும் என்ற கவலையும், நகல் என்பதை ஒளிக்காமல் பதிவுசெய்யும் நேர்மையும் அங்கே இருந்தன. ஆனால் நகல் சரியா என்று பார்க்க மூலம் இல்லை. எழுதிய அதிகாரியை நம்பியாக வேண்டும். செப்பேடுகளில் இன்னொரு காவல் இருந்தது. ராஜேந்திரனின் திருவாலங்காட்டுச் செப்பேடுகள் 31 தகடுகள். ஒரே வளையத்தில் கோத்து, புலியும் மீனும் வில்லும் பொறித்த முத்திரையால் மூடப்பட்டவை. வளையத்தை வெட்டாமல் ஒரு தகட்டைச் செருகவோ உருவவோ முடியாது. ஆனால் தகட்டுக்குள் ஓர் எழுத்தைச் சுரண்டித் திருத்தினால் முத்திரை காட்டிக்கொடுக்காது. ஹாஷ் அதையும் காட்டிக்கொடுக்கும்.

கேள்வி: சான்றிதழின் ‘பகுதி ஏ’யில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். நம் சட்டத்தில் இது எப்போது நுழைந்தது?
- குடியிருப்போர் சங்கச் செயலாளர், உறையூர்

பதில்: தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000 அக்டோபர் 17 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 3ஆம் பிரிவே ஹாஷ் என்றால் என்ன என்று விளக்குகிறது. அந்தச் சட்டம் வந்தபோதுதான் சாட்சியச் சட்டத்தில் மின்னணு ஆவணங்களுக்கான 65பி சான்றிதழும் சேர்ந்தது. அந்தச் சான்றிதழை ஏற்று, 2004 நவம்பர் 5 அன்று சென்னை எழும்பூர் நீதிமன்றம் ஓர் இணைய அவதூறு வழக்கில் தண்டனை வழங்கியது. சான்றிதழ் கட்டாயம் என்பதை உச்ச நீதிமன்றம் 2014இலும் 2020இலும் உறுதிசெய்தது.

2024 ஜூலை 1 முதல் அந்தச் சாட்சியச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய சாட்சிய அதினியம் அமலில் இருக்கிறது. அதன் 63ஆம் பிரிவுக்கான சான்றிதழ்ப் படிவத்திலேயே ஹாஷ் மதிப்புக்கும், எந்த முறையில் கணக்கிட்டது என்பதற்கும் இடம் உண்டு. ‘பகுதி ஏ’ பதிவை அளிக்கும் உங்களுக்கு, ‘பகுதி பி’ நிபுணருக்கு. எனவே வெற்றுப் படிவத்தில் கையெழுத்திடாதீர்கள். உங்கள் கண் முன்னே கணக்கிடச் சொல்லுங்கள். 64 எழுத்தும் எழுதிய பிறகு கையெழுத்திட்டு, ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். இது உங்கள் உரிமை மட்டுமல்ல, குற்றம் சாட்டப்படும் மனிதருக்கு நீங்கள் செய்யும் நியாயமும் கூட.

கேள்வி: எம்டி5ஐ உடைத்துவிட்டதாகச் சொல்கிறார்களே, இனி ஹாஷை நம்பலாமா?
- மாணவர், திருவெறும்பூர்

பதில்: 2004இல் சீனக் கணித அறிஞர் வாங் சியாவ்யுன் குழுவினர், ஒரே எம்டி5 விடை தரும் இரு வேறு தரவுகளை உருவாக்கிக் காட்டினார்கள். 2017இல் கூகுளும் ஆம்ஸ்டர்டாமின் சிடபிள்யூஐ ஆய்வு நிறுவனமும் ஷா-1க்கும் அதையே செய்தன. இவை ஒருவரே இரண்டு கோப்புகளையும் திட்டமிட்டுத் தயாரித்த சோதனைகள். ஏற்கெனவே கைப்பற்றிய டிஸ்க்கைத் திருத்திவிட்டு, பழைய எண்ணையே வரவைப்பது அதைவிடப் பன்மடங்கு கடினம். ஆனாலும் சந்தேகத்துக்கு இடம் கொடுப்பானேன்? படிவத்தில் எம்டி5, ஷா-1 இரண்டுக்கும் இன்னும் இடம் இருந்தாலும் ஷா-256ஐக் கேட்டு வாங்குவதே நல்லது.

இன்னொரு சிக்கலும் உண்டு. எஸ்எஸ்டி வகை டிஸ்க், மின்சாரம் கிடைத்தாலே அழித்த இடங்களைத் தானாகச் சுத்தம் செய்யத் தொடங்கும். ரைட் பிளாக்கர் அதைத் தடுக்காது. அதனால் மூல டிஸ்க்கை மறுபடி கணக்கிடும்போது எண் மாறலாம். பழுதான செக்டர்கள் உள்ள பழைய டிஸ்க்கிலும் இது நடக்கும். அப்போது துணை நிற்பது முதலில் எடுத்த இமேஜும் அதன் ஹாஷும்தான். முதல் நகலைத் தாமதிக்காமல் எடுக்க வேண்டும் என்று துறையினர் வற்புறுத்துவது இதனால்தான்.

கேள்வி: நாமே சோதித்துப் பார்க்க முடியுமா?
- வாசகர், திருவானைக்காவல்

பதில்: தாராளமாக. லினக்ஸில் ‘ஷா256சம்’ என்று தட்டி, கோப்பின் பெயரைக் கொடுத்தால் போதும். விண்டோஸில் ‘செர்ட்யூட்டில்’ கட்டளையும் பவர்ஷெல்லின் ‘கெட்-ஃபைல்ஹாஷ்’ கட்டளையும் இதே வேலையைச் செய்யும். பத்திரம், குடும்பப் புகைப்படம் எதையாவது ஸ்கேன் செய்து வைத்திருந்தால் இன்றே கணக்கிட்டுக் குறித்து வையுங்கள்.

ஆனால் ஹாஷ் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: கணக்கிட்ட நொடிக்குப் பிறகு எதுவும் மாறவில்லை. அதற்கு முன்பு யார் என்ன செய்தார்கள் என்பது அதற்குத் தெரியாது. பெட்டியைக் கைப்பற்றி நான்கு நாள் கழித்து எழுதிய எண், அந்த நான்கு நாளுக்குச் சாட்சி சொல்லாது. பறிமுதலை ஒளி-ஒலிப் பதிவு செய்ய வேண்டும் என்கிறது குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 105ஆம் பிரிவு. அந்தப் பதிவு ஓடிக்கொண்டிருக்கும்போதே, சாட்சிகள் அருகில் நிற்கும்போதே ஹாஷையும் எடுத்துவிட்டால் இடைவெளி இல்லை. போலீஸாரை நம்பச் சொல்லவும் வேண்டாம், புகார்தாரரைச் சந்தேகிக்கவும் வேண்டாம். இருதரப்பு வழக்கறிஞர்களும் ஒரே கட்டளையைத் தட்டி ஒரே விடையைப் பார்க்கலாம்.