கைக்குழந்தையோடு பிரசாரத் தொண்டு

அமெரிக்க அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பிரைமரி நியூ ஹாம்ப்ஷயரில் கடுங்குளிரில் வரும். 2024இல் ஜனவரி 23. அந்தப் பனியில் பச்சைக் குழந்தையோடு வீடு வீடாக அலைய வேண்டாம். பிள்ளை தூங்கும்போது வாக்காளர்களுக்கு அஞ்சலட்டை எழுதுங்கள். குழந்தை அழுதால் பேனாவை மூடிவிட்டு எழுந்துபோகலாம். தொலைபேசிப் பேச்சைப் பாதியில் விட முடியாது. பொறுப்பாளரிடம் முதல் நாளே, "வாரம் இரண்டு மணி நேரம்தான் முடியும்" என்று சொல்லிவிடுங்கள். கூச்சமே வேண்டாம், அதுவும் பெரிய உதவிதான்.

வசந்தத்தில் வாக்களிக்கும் மாநிலமென்றால் தள்ளுவண்டியோடு தெருவில் இறங்கலாம். தபால்தலை ஒட்டாத துண்டறிக்கையை வீட்டுத் தபால் பெட்டிக்குள் போடுவது சட்டவிரோதம், கதவிடுக்கில் செருகுங்கள். க்ரீன் கார்டு வைத்திருக்கும் நம்மவர்களுக்கு வாக்கில்லை. சம்பளம் வாங்காமல் தொண்டு செய்யத் தடையில்லை.